இலை கொட்டும் ஃபைக்கஸ்: தொட்டி மாற்றலாமா?

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடி அபார்ட்மென்ட். 4 வருடம் முன்பு வாங்கிய ஃபைக்கஸ் பெஞ்சமினா 5 அடிக்கு வளர்ந்து ஹாலில் ஜோராக நின்றது. புது சோபா வந்ததும் ஜன்னலோரத்திலிருந்து டிவி மூலைக்கு நகர்த்தினோம். 2 மாதமாக இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன், அரிசி கழுவிய தண்ணீரும் விடுகிறேன். 10 அங்குல பிளாஸ்டிக் தொட்டியை அழகுக்காகப் பீங்கான் தொட்டிக்குள் வைத்திருக்கிறோம். அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கிறது. பெரிய தொட்டிக்கு மாற்றினால் பிழைக்குமா?

பதில்: மண்ணை மாற்ற வேண்டியதுதான். பெரிய தொட்டி வேண்டுமா என்பதை மட்டும் வேரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்தக் கிளை தழைக்கும். காய்ந்து பழுப்பாக இருந்தால் கீழே இறங்கி இறங்கிச் சுரண்டி, பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். இது ஆல், அரசு வகையறா. வெட்டினால் பால் வடியும், சிலருக்குத் தோல் அரிக்கும். பலாப்பழம் அறுப்பதுபோல் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இலை கொட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. ஒன்று, இடமாற்றம். பெஞ்சமினா இடம் மாறினால் கோபித்துக்கொள்ளும் மரம். ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்ப விட்ட இலைகளை மூலை இருட்டில் வைத்துக் காப்பாற்ற அதற்குக் கட்டுப்படியாகாது, உதிர்த்துவிடும். மத்தியானம் அந்த மூலையில், சுவரை ஒட்டிக் கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாக நிழல் விழாவிட்டால் அந்த இடம் இதற்கு ஆகாது. சோபாவைத்தான் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும்.

இன்னொன்று அந்த ஒரு டம்ளர். என் வீட்டுச் செடி ஒன்று இப்படித்தான் வாடியது. தொட்டியைக் கவிழ்த்தபோது வெளிப்பக்கம் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) நசநசவென்று ஈரம். நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு களிமண் உருண்டை, செங்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. ஆந்திராவின் கடியம் போன்ற இடங்களிலிருந்து நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் பல செடிகள் இப்படிக் களிமண் கட்டியோடுதான் வருகின்றன. லாரி குலுக்கலில் வேர் கலையாமல் இருக்க அது நல்லது, வீட்டுக்கு வந்தபின் தொல்லை. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் ஊற்றும் தண்ணீர் கட்டிக்குள் போகாமல் சுற்றி வழிந்து கீழே இறங்கிவிடும். உங்கள் வீட்டில் அது பீங்கான் தொட்டியின் அடியில் தேங்குகிறது. நடுவேர் தாகத்தில் இருக்க, அடிவேர் அழுகும். மேலே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே மஞ்சள் இலைதான்.

சரி, தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துத் தட்டி, அடிமரத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வராவிட்டால் பிளாஸ்டிக்கை வெட்டிவிடுங்கள், 100 ரூபாய்த் தொட்டிக்காக வேரை அறுக்க வேண்டாம். பிறகு வேரை முகர்ந்து பாருங்கள். சாக்கடை நாற்றம் அடித்தால் அழுகல். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஃபைக்கஸ் வேர் இயல்பிலேயே பழுப்புதான். விரலால் உருவிப் பாருங்கள்: உறுதியாக இருந்தால் நல்ல வேர். தோல் உறைபோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்த வேர், வெட்டி எறியுங்கள். களிமண் கட்டி இருந்தால் வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, குச்சியால் பொறுமையாக உதிருங்கள். முழுவதும் போக வேண்டாம், பாதி போனால் போதும். வேர் அழுகவில்லை, தொட்டி வடிவத்துக்குச் சுருண்டுதான் இருக்கிறது என்றால் பக்கவாட்டில் நான்கு இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள்.

அப்புறம்தான் தொட்டி. வேர் நன்றாக இருந்தால் 12 அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு வேரை வெட்டியிருந்தால் அதே 10 அங்குலத் தொட்டியைக் கழுவி அதிலேயே வையுங்கள். பெரிய தொட்டியில் மண் அதிகம், குடிக்க வேர் குறைவு. ஈரம் நாள்கணக்கில் நின்று மிச்ச வேரும் அழுகும்.

மண்கலவைக்கு கோகோபீட் இரண்டு பங்கு. செம்மண், மண்புழு உரம், பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) தலா ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் கரடுமுரடான மணல். கோகோபீட்டில் உப்பு இருக்கும், இரண்டு தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்து சேருங்கள். அடியில் ஜல்லி போடும் வழக்கத்தை விட்டுவிடலாம். அதனால் வடிகால் அதிகமாகாது. ஈரம் தேங்கும் மண் வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும், அவ்வளவுதான். துளைமேல் ஒரு ஓட்டுச் சில்லு போதும். மரம் முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்து, குச்சியால் குத்திக் குத்தி இடுக்குகளில் மண்ணை இறக்குங்கள். அடியில் வடியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

பொதுவாக அக்னி நட்சத்திர வெயிலில் இந்த வேலையைச் செய்ய மாட்டேன், ஆடி ஆவணிவரை பொறுப்பேன். ஆனால் அழுகல் நாற்றம் வந்துவிட்டால் மாதம் பார்க்காதீர்கள்.

மாற்றிய பிறகு இரண்டு மூன்று வாரம் இன்னும் கொஞ்சம் இலை கொட்டும். பயந்துபோய் பால்கனி வெயிலில் வைத்துவிடாதீர்கள், கருகிவிடும். பழைய ஜன்னலோரத்திலேயே, ஏசி காற்று நேராகப் படாமல், ஆடாமல் அசையாமல் இருக்கட்டும். தண்ணீரை நாள் கணக்கில் ஊற்றாமல், விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும், வடியும்வரை ஊற்றுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் எதுவும் வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீரையும் நிறுத்துங்கள். வீட்டுக்குள் அது மண்ணில் புளித்து, குட்டிக் கொசு மாதிரிப் பூச்சிகளைத்தான் கூட்டி வரும்.

பீங்கான் தொட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்ளே இரண்டு செங்கல் துண்டு வைத்து அதன்மேல் செடித்தொட்டியை நிறுத்துங்கள். தண்ணீர் விடும் நாளில் வெளியே எடுத்து பாத்ரூமில் ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டுத் திரும்ப உள்ளே இறக்குங்கள்.