மாரிஸின் பறவைகள் நம் ஹாலுக்கு வருமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புது வீடு கட்டி மூன்று வாரத்துக்கு முன்புதான் பூச்சு வேலை முடிந்தது. ஹாலில் சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்து டிசைனர் வில்லியம் மாரிஸின் ஸ்ட்ராபெர்ரியும் பறவையுமான வால்பேப்பரை அங்கே ஒட்ட ஆசை. ‘ஹால் சின்னது, பெரிய டிசைன் அடைத்துக்கொள்ளும், சின்ன சைஸில் பிரின்ட் போட்டுத் தருகிறேன், இரண்டு ரோல் போதும்’ என்கிறார் கடைக்காரர். கேட்கலாமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: இரண்டையும் கேட்காதீர்கள். டிசைனைச் சுருக்கக் கூடாது. டிசைன் வருகிற இடத்தைத்தான் சுருக்க வேண்டும். ஹாலின் நான்கு சுவரிலும் ஒட்டினால் அடைக்கும் என்பது உண்மை. ஒரே சுவரில், முழு அளவில் ஒட்டினால் அடைக்காது.

நீங்கள் சொல்வது 1883-ல் வந்த ‘ஸ்ட்ராபெர்ரி தீஃப்’ (ஸ்ட்ராபெர்ரித் திருடன்). இங்கிலாந்தில் கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில் பழத்தைக் கொத்திப் போன பூங்குருவிகளைப் பார்த்து மாரிஸ் வரைந்தது. அது முதலில் வால்பேப்பர் அல்ல, திரைச்சீலைக்கான பருத்தித் துணி. துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்கியெடுத்து, வெளுக்க வேண்டிய இடத்தை மட்டும் அச்சுக்கட்டையால் வெளுத்து, அதற்குள் சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார்கள். பின்னணி நீலம் அத்தனை அழுத்தமாக நிற்பது அதனால்தான். இந்த டிசைனைப் பாதியாகச் சுருக்கினால் இலை நரம்பும் கொடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தால் பறவை பறவையாகத் தெரியாது, நீலச் சுவரில் புள்ளி தெளித்ததுபோல இருக்கும்.

இப்போது ரோல் கணக்கு. ஒரு ரோல் 21 அங்குல அகலம், 10 மீட்டர் (சுமார் 33 அடி) நீளம். 57 சதுர அடி வரும். உங்கள் சுவர் 120 சதுர அடி. இதை வகுத்துப் பார்த்துத்தான் இரண்டு ரோல் என்கிறார். ஆனால் பேப்பரைச் சதுர அடியில் ஒட்ட முடியாது, பட்டை பட்டையாகத்தான் ஒட்ட வேண்டும். 144 அங்குலத்தை 21-ஆல் வகுத்தால் 7 பட்டை. ஒவ்வொன்றுக்கும் உயரம் 120 அங்குலம், மேலும் கீழும் வெட்ட 4 அங்குலம், ஆக 124. டிசைன் திரும்ப வரும் அளவு லேபிளில் 53 செ.மீ. என்று இருந்தால் அது 21 அங்குலம். 124-க்கு ஆறு முறை வேண்டும், அதாவது 126 அங்குலம், பத்தரை அடி. ஒரு ரோலில் மூன்று பட்டைதான் தேறும். ஏழு பட்டைக்கு மூன்று ரோல். ‘ஹாஃப் டிராப்’ வகையாக இருந்தால் பக்கத்துப் பட்டை அரை டிசைன் தள்ளி வரும். அப்போது ஒற்றைப்படைப் பட்டைகளை ஒரு ரோலிலும் இரட்டைப்படைப் பட்டைகளை இன்னொரு ரோலிலும் வெட்டினால் கழிவு குறையும். மூன்றும் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும். குறைகிறதென்று பின்னால் ஒன்று வாங்கினால் நீலம் ஒரு சாயல் மாறிவிடும், பகல் வெளிச்சத்தில் அந்தப் பட்டை தனியாகத் தெரியும்.

ஆனால் இப்போதே ஒட்ட வேண்டாம். மூன்று வாரப் பூச்சுக்குள் ஈரம் இன்னும் இருக்கும். ஒரு அடிச் சதுரப் பாலிதீனை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் இன்னும் ஒரு மாதம் விட்டு மறுபடி சோதியுங்கள். உப்புத் தண்ணீர் போர்வெல்லில் கலவை போட்டு, அதே தண்ணீரில் சுவரை நனைத்திருந்தால் காயக் காய வெள்ளையாக உப்பு பூக்கும். அதைக் கழுவக் கூடாது, உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். உப்பு பூப்பது முழுக்க நின்ற பிறகே இரண்டு கை பட்டி பார்த்து, 220 நம்பர் உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் அடிக்க வேண்டும். பிரைமரை விட்டுவிட்டால் பட்டி பசையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இணைப்புகள் ஒரே வாரத்தில் வாய் திறக்கும்.

முதல் பட்டையை மூலையில் தொடங்காதீர்கள், நம் வீட்டு மூலைகள் நேராக இருப்பது அபூர்வம். சுவரின் நடுவில் தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டு, அந்தக் கோடு முதல் பட்டையின் நடுவில் வருமாறு ஒட்டுங்கள். இரு ஓரத்திலும் பத்தொன்பதரை அங்குலப் பட்டை வரும். கோட்டில் இணைப்பை வைத்தால் ஓரங்களில் 9 அங்குலத் துண்டுதான் விழும், பட்டையும் எட்டாகும். சீலிங் மட்டமும் ஒரு முனையில் அரை அங்குலமாவது ஏறி இறங்கியிருக்கும். அதனால் பறவையின் தலை சீலிங் கோட்டில் வராமல், முழுப் பறவை அதற்கு மூன்று அங்குலம் கீழே தொடங்கட்டும். தலை வெட்டுப்பட்ட பறவை வரிசைதான் வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படும்.

மற்ற மூன்று சுவருக்கும் பளீர் வெள்ளை வேண்டாம், அது நீலத்தோடு மோதும். மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை அடியுங்கள். தரை நம் பக்கத்துக் கறுப்பு கிரானைட் என்றால் சோபா துணி வெறும் நிறமாக, டிசைன் இல்லாமல் இருக்கட்டும். 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) டியூப்லைட்டில் டிசைனின் சிவப்பும் மஞ்சளும் செத்துப்போகும். 3000 முதல் 4000 கெல்வின் வரை, சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 90-க்கு மேல் உள்ள விளக்கு போடுங்கள்.

கேள்வி: மாரிஸ் வால்பேப்பரில் விஷம் இருந்ததாகச் சொல்கிறார்களே? குழந்தை அறையில் ஒட்டலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: இருந்தது. 19-ம் நூற்றாண்டில் பச்சை நிறத்துக்கு ஆர்சனிக் கலந்த சாயம் போட்டார்கள், மாரிஸின் ஆரம்பகால வால்பேப்பர்களும் அதற்கு விலக்கல்ல. இன்று அச்சாவதில் அந்தச் சாயம் கிடையாது. ஓசூரில் நீங்கள் பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. குளிர் காலத்தில் வெளிச்சுவர் குளிர்ந்து உள்பக்கம் ஈரம் கோக்கும். பிவிசி பேப்பர் அந்த ஈரத்தை வெளியே விடாது, பின்னால் கறுப்பு படரும். வெளிச்சுவரை விட்டு உள்சுவரில், ஈரத்தை வெளியே விடும் நான்-வோவன் (நெய்யாத இழை) பேப்பராக ஒட்டுங்கள்.

கேள்வி: பர்கூரில் காட்டன் துணி எடுத்து, மாரிஸ் டிசைனை டிஜிட்டல் பிரின்ட் போட்டு ஜன்னல் ஸ்கிரீன் தைக்கலாமென்று இருக்கிறேன். ஜன்னல் 5 அடி அகலம், ஸ்கிரீன் உயரம் 7 அடி. எவ்வளவு துணி? படம் போனில் இருக்கிறது.
— வாசகி, மத்தூர்

பதில்: நல்ல யோசனை; துணிக்காகவே பிறந்த டிசைனைத் துணிக்கே கொண்டு போகிறீர்கள்.

கொசுவம் அழகாக விழ அகலத்தைப் போல் இரண்டு மடங்கு வேண்டும்: 120 அங்குலம். 44 அங்குலத் துணியில் மூன்று அகலம். உயரம் 84, மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் 12, ஆக 96. டிசைன் 25 அங்குலத்துக்கு ஒரு முறை திரும்புமென்றால் நான்கு முறை, 100 அங்குலம். மூன்று அகலத்துக்கு 300 அங்குலம், சுமார் ஏழே முக்கால் மீட்டர். புதுக் காட்டன் சுருங்கும் என்பதால் எட்டேகால் மீட்டராக எடுத்து, பிரின்டுக்கு முன்பே தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பிரின்டுக்குப் பிறகு சுருங்கினால் இணைப்பில் பாதிப் பறவையும் பாதி இலையும் சேராது.

போன் படம் உதவாது. 25 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம், 3750 பிக்ஸல் வேண்டும். போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் 1080 பிக்ஸல் அகலம்தான், கொடியின் ஓரமெல்லாம் மரப்படி போல வரும். காட்டனுக்கு ரியாக்டிவ் பிரின்ட் (சாயம் பருத்தி நூலோடு பிணையும் முறை) கேளுங்கள். சப்ளிமேஷன் (சூட்டில் சாயம் ஏற்றும் முறை) என்றால் அது பாலியஸ்டருக்கு. காட்டனில் இரண்டு சலவைக்கு நிற்காது. முழுத் துணிக்கும் ஆர்டர் கொடுக்குமுன் ஒரு அடி மாதிரி போட்டுத் தரச் சொல்லி ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் நீலமாகத் தெரிவது துணியில் ஊதாவாக வருவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: எங்களுடையது சுண்ணாம்பு அடித்த பழைய வீடு. வால்பேப்பருக்கு வசதியில்லை. ஸ்டென்சிலில் முடியுமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: முடியும். ‘வில்லோ பவ்’ என்ற மாரிஸின் 1887-ம் ஆண்டு டிசைனை எடுங்கள். வெறும் இலையும் காம்பும்தான், ஒரே பச்சையில் ஒற்றினாலும் அழகு குறையாது. பறவை டிசைன்கள் ஸ்டென்சிலுக்கு ஒத்துவராது, நிறங்கள் அதிகம்.

ஸ்டென்சில் வெட்ட ஓஹெச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வேண்டாம், மெல்லியது. ஓரம் சுருண்டு பெயின்ட் உள்ளே கசியும். ஜெராக்ஸ் கடையில் ஏ3 லேமினேஷன் கவரை, கிடைக்கிறதில் தடிமனாகப் பார்த்து, உள்ளே தாள் வைக்காமல் மெஷினில் விட்டுத் தரச் சொல்லுங்கள். விறைப்பான கண்ணாடித் தகடு போல வரும். அதன் மேல் வரைந்து, கட்டரால் இலைகளை வெட்டுங்கள். இலைக்கும் காம்புக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் பாலம் விடாவிட்டால் தகடு பிய்ந்துவிடும்.

சுவரில் செல்லோடேப் ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டி வந்தால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, எமல்ஷன் இரண்டு கை போட்ட பிறகே தொடங்க வேண்டும். இல்லையேல் சுண்ணாம்போடு சேர்ந்து டிசைனும் உதிரும். ஒற்றுவதற்கு 200 மில்லி எமல்ஷன் ஒரு சுவருக்கு மிஞ்சும். தண்ணீர் கலக்காதீர்கள். ஸ்பாஞ்சைத் தோய்த்து, பழைய பேப்பரில் தட்டித் தட்டி ஏறக்குறைய உலர்ந்த பிறகே சுவரில் ஒற்றுங்கள். ஓரம் கசிவதற்குக் காரணம் எப்போதும் பெயின்ட் அதிகமானதுதான். தகட்டின் பின்பக்கத்தை நாலைந்து முறைக்கு ஒருதரம் துடைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். மாரிஸ் டிசைனிலும், பின்லாந்தின் பெரிய பாப்பிப் பூ டிசைனிலும் குஷன் கவர் தைத்து விற்கலாமா?
— வாசகி, அரூர்

பதில்: மாரிஸ் இறந்தது 1896-ல். நம் நாட்டில் பதிப்புரிமை (காப்பிரைட்), படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை. அதனால் அவருடைய மூல டிசைனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்றைய நிறுவனங்கள் புதிதாக நிறம் மாற்றி வரைந்த வடிவங்களையும் அவர்களுடைய கேட்டலாக் படங்களையும் எடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் பாப்பி, 1964-ல் மையா இசோலா வரைந்த ‘உனிக்கோ’. அவர் இறந்தது 2001-ல், டிசைன் இன்றும் மாரிமெக்கோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் விற்காதீர்கள். பெரிய பூதான் வேண்டுமென்றால் ஓசூர் ரோஜாவையோ ஆவாரம்பூவையோ நீங்களே பெரிதாக வரைந்து அச்சிடலாம். 16 அங்குலக் கவரில் ஒரே பூ, பத்து அங்குலத்துக்குக் குறையாமல், நடுவை விட்டுச் சற்றுத் தள்ளி வரட்டும். ஜிப் வைக்கும் பக்கம் ஒரு அங்குலம் தையலில் போகும் என்பதை வரையும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.