வகுப்பில் பேசினால் மெமோவா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் பேராசிரியை

கேள்வி: என் மகள் அரசுக் கல்லூரியில் பி.ஏ. படிக்கிறாள். வகுப்பில் பிரிவு 17 நிலத்தைப் பற்றிப் பேசினார் என்று அவளுடைய ஆசிரியருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்களாம். அரசுச் சம்பளம் வாங்கினால் வாயைத் திறக்கக் கூடாதா, மேடம்? (ஒரு தாய், கூடலூர்)

பதில்: கூடலூர்ப் பிள்ளைகளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, ஜன்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தைத் தொடாமல் நிலச் சீர்திருத்தப் பாடம் நடத்த என்னால் முடிந்ததில்லை. அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வருவதுதான் நீங்கள் சொல்லும் பிரிவு 17 நிலம்; அது யாருக்கு என்பதில் வனத்துறைக்கும் குடியிருப்பவர்களுக்கும் இழுபறி. பட்டா இல்லை, அதனால் வீட்டில் கரண்ட் இல்லை என்று சொல்லும் பெண் ஒரு பெஞ்சில் இருப்பாள். அடுத்த பெஞ்சில் வனத்துறை ஊழியரின் மகன். அவளை வனத்துறைக்காகவும் அவனைக் குடியிருப்பவர்களுக்காகவும் பேசச் சொல்வேன். முதலில் முறைத்துக்கொள்வார்கள். அப்புறம் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். இதெல்லாம் பாடம்தான். 'ஆகவே இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று முடித்தால்தான் பிரசாரம். இரண்டில் எது நடந்தது என்று மெமோவில் கையெழுத்துப் போட்டவர் கேட்டாரா?

சட்டப்படி அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1973) அவரைக் கட்டுப்படுத்தும். கட்சியில் சேர முடியாது. அதற்காக அடிப்படை உரிமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று அர்த்தமில்லை. அரசு ஊழியர் எந்த ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்றிருந்த பீகார் விதியை, 1962-இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. (வேலைநிறுத்தம் உரிமையல்ல என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சங்கத்துக்காரர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை!)

மெமோவுக்கு வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் அந்த அலகு வரும் பக்கத்தை இணைத்து, எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். நிரந்தர ஆசிரியர் என்றால் இது போதும். கௌரவ விரிவுரையாளராக இருந்தால்தான் எனக்குக் கவலை. அவர்களுக்கு மெமோவே தேவையில்லை, அடுத்த வருஷம் கூப்பிடாமல் விட்டால் போதும். கருத்துச் சுதந்திரம் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இந்த வேலை நியமனத்தைத்தான்.

கேள்வி: அமெரிக்காவில் பேராசிரியர்கள் எதை வேண்டுமானாலும் பேசலாமாமே? (ஒரு வாசகர், குன்னூர்)

பதில்: அங்கேயும் அது சும்மா கிடைக்கவில்லை. நான் கம்யூனிஸ்ட் இல்லை என்று எழுதிக் கொடு என நியூயார்க் அரசுப் பல்கலைக்கழகம் கேட்டது. பஃபலோ நகரில் சில ஆசிரியர்கள் மறுத்தார்கள். கெயிஷியன் வழக்கு என்பார்கள். 1967-இல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர்கள் பக்கம் நின்றது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். இன்னொன்று, பேச்சுரிமையைக் காக்கும் அவர்களுடைய அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். அதனால் அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும், தனியாருக்கு நேரடியாகப் பொருந்தாது. நம் அரசியலமைப்பில் கல்விச் சுதந்திரம் என்று தனியாக எதுவும் இல்லை. 19-ஆவது பிரிவின் பேச்சுரிமையை வைத்துத்தான் வாதாட வேண்டும்.

கேள்வி: மாணவர் அமைப்பில் சேரட்டுமா என்று மகன் கேட்கிறான். (ஒரு தந்தை, ஊட்டி)

பதில்: 18 வயதில் ஓட்டுப் போடலாம், பேசக் கூடாதா? 2015 மே மாதம் சென்னை ஐஐடி, அம்பேத்கர் - பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஜூன் மாதமே திருப்பிக் கொடுத்தது. சேரட்டும். அரியர் வைக்காமல் சேரட்டும்.