நகுமோமுவுக்கு முதுகு காட்டலாமா?

வணக்கம் சார்,

செம்பூரில் இருக்கிறேன். சின்ன வயதில் பல வருடம் பாட்டு கற்றுக்கொண்டு, கல்யாணம், வங்கி வேலை என்று ஆனபின் கேட்பதோடு நிறுத்திக்கொண்டவள். போன மாதம் என் அக்கா பெண் நாரிமன் பாயிண்ட்டில் ஒரு நவீன நடனக் குழுவின் புது சீசனுக்கு அழைத்துப்போனாள். எல்லாமே சாஸ்திரிய இசைக்கு அமைத்த நடனங்கள். முதலில் மேற்கத்திய இசைமேதை பாஹ், கடைசியில் தியாகராஜரின் நகுமோமு கீர்த்தனை. பாஹ் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. நகுமோமு மனப்பாடம், அதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வந்தது. பாட்டு முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். உன் சிரித்த முகத்தைக் காணாமல் தவிக்கிறேனே ராமா என்று அவர் உருகுகிறார், இவர்கள் உருளுகிறார்கள். “சித்தி, நீ பழைய ஆள், அதான்” என்கிறாள் அக்கா பெண். பாட்டும் ஆட்டமும் சேர்ந்து போகணும்னு யார் சொன்னது என்றும் கேட்கிறாள். நான் பழைய ஆள்தானா? இந்த மாதிரிக் கீர்த்தனைக்கு நவீன நடனம் ஆடவே கூடாதா? அந்தக் குழுவுக்கு எழுதலாமா என்றும் யோசிக்கிறேன்.

மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

அந்த சீசனை நானும் பார்த்தேன். உங்கள் எரிச்சலில் பாதி எனக்கும் இருந்தது, மறுபாதிக்கு உங்களோடு சண்டை.

சண்டையை முதலில் முடித்துவிடலாம். அந்த நடனத்தில் எனக்குப் பிடித்த ஒரே யோசனை அந்த முதுகுதான். முகத்தைக் காண முடியவில்லை என்பதுதானே பாட்டு? மேடையில் அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவர் முகம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ராமராக ஒருவர் வில்லோடு வந்து நிற்க, இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பியிருந்தால் நமக்குப் பழகினதாக இருந்திருக்கும், தவிப்பு அவர் பாடாக மேடையிலேயே இருந்திருக்கும். இங்கே, கொஞ்சம் திரும்பித் தொலையேன் என்று நான் இருக்கையில் நெளிந்தேன். நீங்களும் நெளிந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். சாகித்தியத்தை, அதாவது பாட்டின் வரிகளை, படிக்காத ஆளுக்கு இது தோன்றியிருக்காது.

கோளாறு பல்லவியில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நகுமோமு என்றாலே சங்கதிதான். முதல் தடவை வரி அலட்டலில்லாமல் வரும், அடுத்த தடவை ஒரு வளைவு, அப்புறம் வளைவுக்குள் இன்னொரு வளைவு, இப்படி ஏறி ஏறி, கேட்டது அதே வரிதானா என்று தோன்றும் அளவுக்குப் போய்விடும். இவர்கள் என்ன செய்தார்கள்? வலது கையைத் தலைக்குமேல் தூக்கி, இடுப்பை மடித்து, இடது தோளில் விழுந்து, புரண்டு எழுந்தார்கள். வரி திரும்பியது. அதே கை, அதே தோள், அதே புரளல். மறுபடி வரி, மறுபடி தோள். பாடுகிறவர் எங்கேயோ போய்விட்டார், ஆடுகிறவர்கள் புறப்பட்ட இடத்திலேயே விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். பல்லவி திரும்பி வருவது காதில் விழுந்திருக்கிறது, வளர்வது விழவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பாட்டு தெரியாது என்று நினைக்கிறேன், அவரே பாதியில் மொபைலை எடுத்துவிட்டார். பாட்டு கற்றவர் நீங்கள், சங்கதி உங்களுக்குள் ஊறியிருக்கிறது. அது கண்முன்னால் தட்டையாகும்போது எரிச்சல் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அக்கா பெண்ணின் வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பாட்டும் ஆட்டமும் சேர்ந்து போக வேண்டியதில்லை என்பது பழைய, மரியாதையான கட்சிதான். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்கள், ஆடுகிறவர்கள் முதல் காட்சியன்றுதான் இசையையே கேட்ட கதைகள் உண்டு. 1964இல் கன்னிங்ஹாமின் குழு இந்தியாவுக்கும் வந்து ஆடியது. ஆனால் நாம் பார்த்தவர்கள் வரி வரும்போதெல்லாம் கணக்காக அதே அசைவுக்குத் திரும்பினார்கள். பாட்டோடுதான் ஆடுகிறோம் என்று அவர்களே காட்டிக்கொடுத்துவிட்டார்கள், பிறகு பாட்டை வைத்துத்தான் கேள்வி கேட்போம்.

சரி, தெரியாத பாஹ் ஏன் பிடித்தது? அது இரண்டு வயலின்களுக்கான டி மைனர் கான்செர்ட்டோ, அதாவது இரண்டு வயலின்கள் முன்னால் நிற்க வாத்தியக் கூட்டம் சேர்ந்து வாசிக்கும் உருப்படி. முதலில் இரண்டாம் வயலின் ஒரு வாக்கியத்தோடு கிளம்பும், கொஞ்சம் பொறுத்து முதல் வயலின் அதே வாக்கியத்தோடு உள்ளே வரும், இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். மேடையில் இடது பக்கம் ஒரு கூட்டம் ஓடத் தொடங்கியது, வலது பக்கத்தவர் நின்று, சரியாக முதல் வயலின் நுழைகிற இடத்தில் அதே ஓட்டத்தை எடுத்தார்கள், ஞாபகமிருக்கிறதா? காதுக்குத் தெரிந்ததைக் கண் பார்த்தது. இசையிலேயே பல குரல் இருப்பதால் பல உடம்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிகிறது. இதே கான்செர்ட்டோவுக்கு 1941இல் பாலே அமைப்பாளர் பாலன்ஷீன் ‘கான்செர்ட்டோ பரோக்கோ’ அமைத்தபோது வயலினுக்கு ஒரு நாயகி என்று இரண்டு பேரை நிறுத்தினார். 1975இல் அமெரிக்க நவீன நடன அமைப்பாளர் பால் டெய்லர் ‘எஸ்பிளனேட்’ என்ற நடனத்தில் இதன் பிற்பகுதியை எடுத்துக்கொண்டார், அதில் நடப்பது, ஓடுவது, சறுக்குவது, விழுவது தவிர நடன அடி என்று ஒன்றுகூடக் கிடையாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒரு பெண்ணைப் பார்த்து வந்த யோசனையாம். தாதர் பிளாட்பாரத்தில் காலையில் அரை மணி நேரம் நின்றிருந்தால் அவர் இன்னும் நாலு நடனம் அமைத்திருப்பார்.

நம் கீர்த்தனையில் இந்த வசதி இல்லை. போவது ஒரே குரல், வயலின் அதன் நிழலாக வருகிறது. ஒரு கோஷ்டிக்கு அதில் பிரித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் எல்லோரும் சேர்ந்து ஒரே அசைவைச் செய்கிறார்கள், பள்ளிக்கூட ஆண்டுவிழா டிரில் போல ஆகிவிடுகிறது.

அதற்காக ஆடவே கூடாதா என்றால், ஆடியிருக்கிறார்கள். அமெரிக்க நடன அமைப்பாளர் மார்க் மாரிஸ் 1984இல் தியாகராஜரின் ‘ஓ ரங்கசாயி’க்கு, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய காம்போதி ராகக் கீர்த்தனைக்கு, தனியாளாக ஆடினார். ஒரு குரல், ஒரு உடம்பு, கணக்கு சரியாகிவிட்டது. (அதற்கு முந்தைய வருடம் தமிழ் சினிமாப் பாட்டுக்கு ஒரு ஜோடி நடனமும் அமைத்தார், ஆசை யாரை விட்டது.) சென்னையில் பிறந்து லண்டனில் குழு நடத்தும் ஷோபனா ஜெயசிங் 1988இல் வேறு மாதிரி செய்தார், நம் தாளக் கணக்கை மட்டும் ஆங்கில இசையமைப்பாளர் மைக்கேல் நைமனிடம் கொடுத்து இசை எழுதச் சொன்னார், அது நைமனின் இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (நாலு தந்தி வாத்தியங்களுக்கான இசை) ஆனது. தாளத்தில்தான் பலர் நின்று விளையாட இடமிருக்கிறது, ஒருவர் பாட்டு தொடங்கும் எடுப்பில், ஒருவர் தள்ளி, ஒருவர் குறுக்கே.

எனக்கு எல்லாவற்றிலும் பெரியது சந்திரலேகாதான். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்று, பேரோடு ஆடி, ஒரு கட்டத்தில் போதும் என்று மேடையை விட்டவர். 1984இல் நம் மும்பை என்.சி.பி.ஏ. கலை மையத்தில் நடந்த கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பில்தான் திரும்பி வந்தார், அடுத்த வருடம் ‘அங்கிகா’. 2001இல் அமைத்த ‘சரீரா’வில் ஒரு பெண், ஒரு ஆண், பக்கத்தில் உட்கார்ந்து பாடும் துருபத் என்ற பழைய இந்துஸ்தானிப் பாட்டு, அவ்வளவுதான். ஒரு கால் தரையிலிருந்து எழுந்து மடங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள், ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தை விட்டுப் போக மனமில்லாமல் பாடகர் அதைச் சுற்றிக்கொண்டிருப்பாரே, அந்த நேரம். பாட்டுக்கு அசைவு என்று ஒன்றைக்கூட ஒட்டவைக்கவில்லை, இரண்டும் ஒரே மூச்சில் நடக்கின்றன.

அங்கே பாடுகிறவர் மேடையிலேயே இருந்தார் என்பதையும் கவனியுங்கள். மாரிஸ் 1996க்குப் பிறகு நேரடி இசை இல்லாமல் ஆடுவதில்லை என்று முடிவெடுத்தார். நம் ஆட்களைக் கேட்டால் செலவு என்பார்கள். பாஹுக்கு அது நியாயம், தந்தி வாத்தியக் கூட்டமே வேண்டும், போகட்டும் ஒலிப்பதிவு. நகுமோமுவுக்கு என்ன வேண்டும்? ஒரு பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கம், தம்புராவுக்குப் பெட்டி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கிடைக்காததா? பதிவு என்றால் எத்தனை சங்கதி, எந்தக் காலப்பிரமாணம் (வேகம்) என்பதெல்லாம் முன்பே தெரியும், அதனால் ஆடுகிறவர்கள் கேட்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்குகிறார்கள். ஒரு பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து இன்றைக்கு ஒரு சங்கதி கூடப் போட்டால், அந்தத் தோள் புரளலை அடுத்த நாளே தூக்கிப் போட்டிருப்பார்கள்.

குழுவுக்குக் கட்டாயம் எழுதுங்கள். தெய்வீகம் போச்சு என்று ஆரம்பித்தால் சித்திகளின் கடிதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். பல்லவி ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, நீங்கள் ஏன் மாறவில்லை என்று மட்டும் கேளுங்கள், முடிந்தால் அந்த வரியை நீங்களே பாடி அனுப்புங்கள். அக்கா பெண்ணையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.