சொன்னால் விளங்குகிறது, வாசிக்கத்தான் முடியவில்லை

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. தமிழ்மொழி மூலம் தரம் 4 படிக்கிறான். பாடத்தை நாங்கள் வாசித்துக் காட்டினால் நன்றாக விளங்கிக்கொள்வான். கேட்ட கதையை ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்வான். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்தெழுத்தாகத் தடுமாறுகிறான். சொல்வதெழுதலில் 10க்கு 2, 3தான் வரும். கண்ணைப் பரிசோதித்தோம், கண்ணாடி தேவையில்லை என்றார்கள். வகுப்பு ரீச்சர் சோம்பேறித்தனம் என்கிறார், பிழைவிட்ட சொல்லை 20 தரம் எழுத வைக்கச் சொல்கிறார். எழுத வைத்தால் அழுகிறான். மூன்று மொழியும் ஒன்றாகப் படிப்பதால் குழம்பிவிட்டானா? என் கணவரும் சின்ன வயதில் இப்படித்தான் என்று மாமி சொல்கிறார். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. இதற்கு மருந்து ஏதும் இருக்கிறதா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, அந்த 20 தரம் எழுதுவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அவன் எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் சொல்லை எழுதுவதே இல்லை. முதல் எழுத்தை மேலிருந்து கீழாக 20 வரியிலும் எழுதி முடிப்பார்கள். பிறகு இரண்டாவது எழுத்து, அப்புறம் மூன்றாவது. பக்கம் நிரம்பிவிடும், சொல் ஒரு தடவைகூட மனதுக்குள் ஒலித்திருக்காது.

கடிதத்தை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். காதால் கேட்டால் விளங்குகிறது, கண் பார்வை சரியாக இருக்கிறது, தகப்பனுக்கும் இருந்திருக்கிறது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கும். 100 பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு இது இருக்கிறது. 40 பேர் இருக்கும் வகுப்பென்றால் இரண்டு பேருக்காவது இருக்கும்.

1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பேர்சி என்ற தன் பெயரையே அந்தப் பிள்ளை எழுத்து இடம் மாற்றி எழுதினான். எல்லாவற்றையும் வாய்மொழியாகவே படிப்பித்தால் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். உங்கள் கடிதத்தின் முதல் நான்கு வரியை வாசித்தபோது எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

வாசிப்பது கண்ணின் வேலை என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். பெரும் பகுதி சத்தத்தின் வேலை. ‘மாடு’ என்ற சொல்லுக்குள் ம், ஆ, ட், உ என்று தனித்தனிச் சத்தங்கள் இருக்கின்றன. அதை மூளை பிரித்துப் பிடித்தால்தான் எழுத்தோடு பொருத்த முடியும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இந்தப் பிரிப்புத்தான் கடினம். புத்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் முன்னால் கொம்பு, பின்னால் அரவு (ா), இரண்டும் சேர்ந்து ஒரே சத்தம். நமக்குப் பழகிவிட்டதால் இது தெரிவதில்லை. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 எழுத்தையும் அட்டவணையாகப் பாடமாக்கி ஒப்புவிக்கும் பிள்ளைகூட, நடுவில் ஒரு ‘தொ’வைக் காட்டினால் திகைத்து நிற்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள், இதே வயது. தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்தான். விரலைப் பார்த்தேன், அது வாய்க்கு ஒரு வரி பின்னால் வந்துகொண்டிருந்தது. மனப்பாடம். ஒரு தாளில் ‘தாபிலு’, ‘மெகோடி’ என்று அர்த்தமில்லாத இரண்டு சொற்களை எழுதிக் கொடுத்தேன். தாளை ஒரு தடவை பார்த்தான், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதுவரை தன் மகன் வாசிக்கிறான் என்றே அந்தத் தாய் நம்பியிருந்தார். இதை உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். பரீட்சை போல வேண்டாம், விளையாட்டாக.

மூன்று மொழி படிப்பதால் இது வராது. ஒரு மொழியில் மட்டும் தடுமாறினால் அந்த மொழியைச் சரியாகப் படிப்பிக்கவில்லை என்று சந்தேகிப்பேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வாசிப்பு மட்டும் சறுக்கினால் டிஸ்லெக்சியா பக்கம் சந்தேகம் கூடும். எழுத்தும் சத்தமும் ஒத்துப் போகாததால் பெரும்பாலும் ஆங்கிலம்தான் அதிகம் வதைக்கும்.

மருந்து கிடையாது. ஞாபகசக்திச் சிரப், நிறக் கண்ணாடி, கண்ணுக்கான பயிற்சி இவை எதுவும் டிஸ்லெக்சியாவைத் தீர்ப்பதாக நிரூபிக்கப்படவில்லை. அந்தக் காசுக்குப் பிள்ளைக்குப் பிடித்த மெல்லிய கதைப் புத்தகங்களை வாங்குங்கள். அதேநேரம் காது கேட்கும் திறனைக் கட்டாயம் பரிசோதியுங்கள். சளியால் காதுக்குள் நீர் கட்டி நின்றால் சத்தங்கள் மங்கலாகக் கேட்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. இரத்தச் சோகை இருக்கிறதா, கவனம் சிதறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முன்பு நன்றாக வாசித்த பிள்ளை திடீரெனப் பின்வாங்கினாலோ, இடையிடையே வெறித்துப் பார்த்து நின்றாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும், வாரத்தில் 5 நாள். முதல் 5 நிமிடம் புத்தகமே வேண்டாம், சமைத்துக்கொண்டேகூடச் செய்யலாம். “கடல் என்ற சொல்லில் ‘ட’வை எடுத்தால் என்ன?” கல். “மாடு என்பதில் ‘ம்’ சத்தத்தை எடுத்தால்?” ஆடு. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதில் மாட்டிக்கொண்டால், எழுத்துக்குள் இருக்கும் சத்தத்தைப் பிரிப்பதில்தான் அவன் நிற்கிறான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்து ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, விரலால் ஒரு எழுத்தை எழுதிக்கொண்டே அதன் சத்தத்தை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். அரவு, விசிறி (ி) உள்ள எழுத்துகள் முதலில், கொம்பு வரும் எழுத்துகள் கடைசியில். மிச்ச நேரத்துக்கு நான்கைந்து வரி. முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவன் தனியே. அதே பகுதியை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். ‘வந்துகொண்டிருக்கிறான்’ போன்ற நீண்ட சொல்லைப் பென்சிலால் வந்து / கொண்டு / இருக்கிறான் என்று வெட்டிக் கொடுங்கள். திக்கினால் மூன்று வரை எண்ணிவிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். வந்த விருந்தாளிக்கு முன்னால் வாசிக்கச் சொல்லாதீர்கள்.

இரவில் அவனுக்குக் கதை வாசித்துக் காட்டுவதை மட்டும் விடவே கூடாது. வாசிக்க முடியாததால் அவனுடைய சொல்லும் அறிவும் மற்றப் பிள்ளைகளை விடக் குறைந்துவிடக் கூடாது.

புலமைப்பரிசில் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கென்று ரியூஷனுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அதை இந்த வருடம் நிறுத்திவிடுங்கள் என்பேன். தரம் 6க்குப் போக அந்தப் பரீட்சை கட்டாயமில்லை. அந்த வகுப்பில் இரண்டு மணித்தியாலம் மற்றப் பிள்ளைகளின் ஓடும் பேனாவைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவனுக்கு என்ன கிடைக்கப்போகிறது? கணவர் சம்மதிக்காவிட்டால், அவருடைய பள்ளிக்கூட நாட்கள் எப்படி இருந்தன என்று மகனிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் இப்படித்தான் என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மதிப்பீட்டுக்குப் பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அரச வைத்தியசாலை, கட்டணம் இல்லை. அறிக்கை கிடைத்ததும் ஒரு பிரதியை அதிபரிடம் கொடுங்கள். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டுப் பாடசாலை ஊடாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ரீச்சரிடம் சண்டை வேண்டாம். 40 பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்க்கும் அவருக்கு இதைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வகுப்பில் எழுப்பி வாசிக்க வைக்க வேண்டாம், கேள்வியை வாயால் கேட்டால் பதில் சொல்வான் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது தமிழ், சிங்கள, ஆங்கிலக் கொப்பிகளை எடுத்துப் போங்கள். பல தாய்மார் வெட்கப்பட்டுச் சொல்வதெழுதல் பக்கங்களைக் கிழித்துவிட்டு வருகிறார்கள். கிழிக்காதீர்கள், அழிக்கவும் வேண்டாம். எங்களுக்குப் பார்க்க வேண்டியது அந்தப் பிழைகளைத்தான்.