தெருமுனை பாரில் சாப்பிடலாமா?

கே: குன்னூருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம். எங்கள் தெருமுனை பாரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குடிக்காதவன் சாப்பிட மட்டும் போகலாமா சார்?

ப: தாராளமாகப் போங்கள், ஆனால் ஏழு மணிக்குள். அந்தக் குடல் வறுவல் இரும்புச் சட்டியிலிருந்து நேராக இலைத் துண்டில் விழும், ஓரத்தில் எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருக்கும், ஒன்றிரண்டாக இடித்த மிளகு பல்லில் கடிபடும், இந்தக் குளிருக்கு வேறென்ன வேண்டும்? சுண்டல்தான் தகராறு. என் எஸ்டேட் நண்பர் “கல்லைக் கொண்டாந்து வைக்கிறாங்க” என்று திட்டுவார். பாவம், சமையல்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை, 1,800 மீட்டருக்கு மேலே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் கடலை லேசில் வேகாது.

சூழல்? ஜன்னலைச் சாத்தினால் சிகரெட் புகை, திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கிரிக்கெட் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கழிவறையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அப்புறம், பார்சலுக்குத் தூக்குப் பாத்திரம் எடுத்துப் போங்கள், மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. குடிக்கிற நண்பர்களிடமும் சொல்லுங்கள்: காலி பாட்டிலைச் சரிவில் வீச வேண்டாம், 2022லிருந்து நீலகிரியில் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கிறது, ஒரு டீ குடிக்கலாம்.