கேஸ் சிலிண்டர் எப்ப தீரும்ங்கிற கணக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

கரூர் பக்கம் ஸ்கூல் டீச்சரா இருக்கேன். ரெண்டு பசங்க, மாமியாரும் எங்க கூடத்தான். ஒரு நாவல் ஆரம்பிச்சு மூணாவது அத்தியாயத்தோட நிக்குது. வீட்டுக்காரர் நல்ல மாதிரிதான், ராத்திரி பாத்திரமெல்லாம் தேய்ச்சுடுவார், ஆனாலும் பத்து மணிக்கு நோட்ட தொறந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. ரீல்ஸ் பாத்துட்டே தூங்கிடறேன், காலைல எந்திரிச்சா மனசு உறுத்துது. நீங்க வீட்டையும் பாத்துக்கிட்டு எப்படி எழுதறீங்க? வேலைய விட்டுடலாமான்னு கூட இருக்கு.

ம., கரூர்

வணக்கம்மா,

பாத்திரம் தேய்க்கறது, துணி காயப்போடறது, மாவாட்டறது, இதெல்லாம் எழுத்த கெடுக்கறதில்ல, என் அனுபவத்துல சொல்றேன். கைதான் வேல செய்யும், மண்டை ஃப்ரீயா இருக்கும். கிரைண்டர்ல உளுந்த போட்டு கொஞ்சம் கொஞ்சமா தண்ணி தெளிச்சு, ஓரத்துல ஒட்டறத தள்ளிவிட்டு, ஒரு துளி மாவ கிண்ணத்து தண்ணில போட்டு மெதக்குதான்னு பாக்கற நேரத்துல என் கதைல வர்ற ஆளுங்க நல்லா பேசுவாங்க. கை ஈரமா இருக்குமே, அதனால வாட்ஸப்ல எனக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டு வெச்சுக்குவேன், பின்னாடி கிரைண்டர் சத்தத்தோட.

எழுத விடாம பண்றது வேற. கேஸ் எப்ப தீரும், பால்காரருக்கு எத்தன நாள் கழிக்கணும், மாமியாரோட பிபி மாத்திரை வெள்ளிக்கிழமையோட முடியுது, சின்னவனுக்கு சார்ட் பேப்பர் வேணும், நாளைக்கு இட்லின்னா இன்னிக்கு மத்தியானமே அரிசி ஊறணும்... இந்த கணக்கு தூங்கறப்பவும் ஓடும். நாவலுக்கும் இதே எடம்தான் வேணும்மா. யாருக்கு எந்த ரகசியம் எந்த அத்தியாயத்துல தெரிஞ்சுது, கல்யாணத்துக்கு முன்னாடியே கெணறு வத்திடுச்சா, மூத்தவ எப்ப ஊர விட்டு போனா, இத்தனையையும் மாசக்கணக்குல தூக்கிட்டு திரியணும். ஒரே மண்டைல ரெண்டு கணக்கு ஓடாது. உங்க வீட்டுக்காரர் பாத்திரத்த வாங்கிக்கிட்டார், கணக்கு உங்ககிட்டயேதான் இருக்கு.

2019ல மத்திய அரசு எடுத்த நேர சர்வேல வீட்டு வேல செய்யற பெண்களுக்கு அதுக்கே ஒரு நாளைக்கு சராசரி 299 நிமிஷம் ஆகுது, ஆண்களுக்கு 97. அதுவும் அந்த வேலைய தொடற ஆண்கள் நூத்துக்கு 26 பேர்தான். இது கைவேல மட்டும். பஸ்ல நின்னுக்கிட்டே மாத்திரை ஞாபகம் வர்றதெல்லாம் எந்த நிமிஷத்துல சேரும்?

எங்க வீட்டுல வேலையா பிரிக்கல, பொறுப்பா பிரிச்சோம். கேஸ், பால், கரண்ட் பில், பெரியவங்க மருந்து, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அவரோடது, முழுசா. அவர் எங்கிட்ட கேக்கக்கூடாது, நானும் ஞாபகப்படுத்தக்கூடாது. அந்த ரெண்டாவது பாதிதான் கஷ்டம்மா. ஒரு தடவ குழம்பு கொதிக்கறப்ப சிலிண்டர் தீந்துடுச்சு, ஸ்பேரும் இல்ல. புக் பண்ண போன எடுக்கணும்னு கை பரபரக்குது, எடுக்கல. அன்னிக்கு கடை பரோட்டாதான். அதுக்கப்புறம் அவர் போன்ல ரிமைண்டர் வெச்சுக்கிட்டார், எனக்கு அந்த நெனப்பே விட்டுப்போச்சு. அந்த எடத்துக்குள்ளதான் நாவல் வந்துச்சு, அத நான் அடிச்சு சொல்வேன்.

உங்ககிட்டயும் யாராவது பழைய ஆளுங்கள காட்டி பேசுவாங்க. வங்காள எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவி பள்ளிக்கூடமே போகாம, வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு எழுதி, 1976க்கான ஞானபீட விருது வாங்கினாங்க, அத வாங்கின முதல் பெண்ணே அவங்கதான். கவிஞர் சல்மா துவரங்குறிச்சில யாருக்கும் தெரியாம பாத்ரூம்ல நின்னு கவிதை எழுதினாங்க, உனக்கென்னம்மா கொறச்சல்னு. எனக்கு கோவம் கோவமா வரும். அவங்க எழுத்துக்கு முன்னாடி நான் கை கூப்பி நிப்பேன், ஆனா ஒளிஞ்சு எழுத வேண்டி இருந்தத ஒரு சிலபஸ் மாதிரி அடுத்த பொண்ணுக்கு குடுக்கறது அநியாயம். எழுத்தாளர் அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பார்க்ல உக்காந்து எழுதுவார்னு பிரியமா சொல்றோம். வீட்ட விட்டு எந்திரிச்சு போயி பார்க் பெஞ்சுல உக்கார ஒரு பொண்ணுக்கு என்னென்ன ஏற்பாடு பண்ணணும்னு யோசிச்சு பாருங்க.

ராத்திரி பத்து மணிக்கு புதுசா எழுத உக்காராதீங்க. நாள் பூரா கிளாஸ் எடுத்துட்டு வந்த ஒடம்பு. கடைசியா எழுதின பக்கத்த மட்டும் படிங்க, ஒரு வரிய திருத்துங்க, மூடி வெச்சுடுங்க. கத விட்டுப்போகாம இருந்தா போதும், ஞாயித்துக்கிழம காலைல நோட்ட எடுத்தா ஆரம்பத்துலேருந்து புரட்ட வேண்டியிருக்காது.

ரீல்ஸ் பாத்ததுக்கு உறுத்தல் எதுக்கு? ஓய்வு ஓய்வாவே இருக்கட்டும். ஐபிஎல் நடக்கறப்ப சாயந்திரம் நான் ஒரு வரி எழுத மாட்டேன். மத்த நாள்ல ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைல சுண்டல் வாங்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன், நோட்டு கொண்டு போக மாட்டேன். எல்லாத்தையும் கதைக்கு சரக்கா பாக்க ஆரம்பிச்சா மனுஷங்கள மனுஷங்களா பாக்க முடியாம போயிடும்.

வேலைய மட்டும் விட்டுடாதீங்கம்மா. வீட்டுல இருக்கேன்னு தெரிஞ்சா அந்த கணக்கு மொத்தமும் உங்க தலைக்கு வந்துடும், சம்பளமும் இல்லாம "இதுக்கு மேல என்னால ஆகாது"ன்னு சொல்றதும் கஷ்டமாயிடும். இந்த வாரம் வீட்டுக்காரர்கிட்ட மருந்தையும் கேஸையும் குடுங்க. மூணாவது அத்தியாயத்த எனக்கு அனுப்புங்க, எங்க நிக்குதுன்னு பாத்து எழுதறேன்.

அன்புடன்,
அக்கா