வாய்க்காலில் ஊற்றிய மூன்று வருடம்

கேள்வி: பெல்ஜியத்தில் இருக்கும் அண்ணன் விடுமுறையில் வந்தபோது ‘கூஸ்’ என்ற பியர் போத்தல் ஒன்று கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன், புளித்துப்போயிருந்தது. கெட்டுவிட்டதென்று வாய்க்காலில் ஊற்றிவிட்டேன். உலகத்தின் சிறந்த பியர் வகைகள் எவை? உங்களுக்குப் பிடித்தது எது?
– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, உலகத்தைப் பிறகு சுற்றுவோம். எனக்குப் பிடித்த பியர் எது என்று கேட்டீர்கள் அல்லவா? நீங்கள் வாய்க்காலில் ஊற்றினீர்களே, அதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிற்கவைத்த சொல் ‘புளித்துப்போயிருந்தது’. அந்தப் ‘போ’ எங்கிருந்து வந்தது? மா புளித்தது என்றால் காலையில் அப்பம் உண்டு என்று பொருள். தயிர் புளித்தது என்றால் மோர் கரைக்கலாம். ‘போ’வை ஒட்டியவுடன் அதே புளிப்பு செத்த வீட்டுச் சொல்லாகிவிடுகிறது. புளிப்பு வேறு, பழுது வேறு என்று அறிந்த நாக்கு நம்முடையது. எருமைத் தயிரில் வளர்ந்த மட்டக்களப்பு மனிதர் இப்படி எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

அந்தப் போத்தலுக்குள் என்ன இருந்தது தெரியுமா? பிரசல்ஸ் நகரிலும் அதை அடுத்த கிராமங்களிலும் குளிர் மாதங்களில் மட்டும் காய்ச்சும் லாம்பிக் என்ற பியர். முளைவிட்ட பார்லியோடு முளைக்கவைக்காத கோதுமையும் சேரும். பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் பூவை ஆண்டுக்கணக்கில் பழசாக்கி, கசப்பு அடங்கிய பிறகே போடுவார்கள். பழுதாகாமல் காக்கும் குணம் மட்டும் அவர்களுக்குப் போதும். கொதித்த சாற்றைக் கூரைக்கடியில் உள்ள அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி, சாளரங்களைத் திறந்துவைத்து, இரவு முழுவதும் ஆறவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்தோமே, அந்த ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. இரவுக் காற்றிலும் கூரை மரத்திலும் பீப்பாய்ப் பலகையிலும் இருப்பது தானாக வந்து இறங்கும். அவற்றில் ஒரு மதுவத்துக்குப் பிரசல்சின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த நகரில் 1900இல் தொடங்கிய கன்டியோன் என்ற பியர் காய்ச்சும் சாலையில் சிலந்தி வலையைக்கூடத் துடைக்கமாட்டார்கள். பழ ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். பிறகு ஓக் பீப்பாயில் வருடக்கணக்கான காத்திருப்பு. ஒரு வருடத்து லாம்பிக் முதல் மூன்று வருடத்து லாம்பிக் வரை கலந்து, போத்தலில் அடைத்து, உள்ளேயே மறுபடி நொதிக்கவிட்டால்தான் அது கூஸ்.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கள்ளு முட்டி நினைவுக்கு வரவேண்டும். தென்னம்பாளையைச் சீவி முட்டியைக் கட்டிவிட்டு இறங்கும் தொழிலாளியும் எதையும் போடுவதில்லை. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இனிப்பு மாறாமல் நிற்கும். தடவாவிட்டால் காற்றும் முட்டியும் சேர்ந்து கள்ளாக்கிவிடும்.

என் பெத்தா (பாட்டி) விடியுமுன் ஒரு செம்பைக் கையில் தந்து கள்ளு வாங்கிவர அனுப்புவார். குடிக்க அல்ல, வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூட அவர் குடித்ததில்லை. அரிசிமாவில் கலந்து மூடிவைப்பார். பிறகு மூடியைத் தூக்கினால் மா முழுக்கச் சின்னச் சின்னக் கண்கள் திறந்திருக்கும். காதைக் கிட்டக் கொண்டுபோனால் அவை வெடிக்கும் சத்தம் கேட்கும். தாச்சியில் ஊற்றிச் சுழற்றினால் ஓரம் சிவந்து மொறுமொறுக்கும், நடு பஞ்சாக நிற்கும். அப்பச்சோடாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை வாதாடியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்: சோடா மாவை ஊதவைக்கும், புளிக்கவைக்காது. போன தடவை ‘காலம் மாறிவிட்டது ஆசிரியரே’ என்று நாலைந்து பேர் எழுதினார்கள். காலம் மாறட்டும், அப்பம் ஏன் சப்பென்று இருக்கவேண்டும்?

தானியத்தைப் புளிக்கவைத்துக் குடிப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பார்க்கட்டும். அரிசிக் களியை அகன்ற வாய்த் தட்டில் ஆற்றி, முளையை இடித்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறை அதில் படிப்படியாக இருக்கிறது. அந்த அடைக்குப் புலவர் காட்டும் உவமை, பாம்பு உறையும் புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோறு. புற்றை உடைத்துப் பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும். முளைத்த தானியம், ஆறிய களி, புளிக்கும் சாடி: பியருக்கு வேறென்ன வேண்டும்? நான் படித்த காலத்தில் இந்த அடிகளை நடத்தாமலே தாண்டிப் போனார்கள். அந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை.

சரி, நீங்கள் கேட்ட உலகம். 1842இல், இன்று செக் நாட்டில் இருக்கும் பில்சன் நகரில், யோசப் குரோல் என்ற பவேரியர் (தென் ஜெர்மனிக்காரர்) அவ்வூரின் மென்னீரில் காய்ச்சிய பொன்னிறப் பியர் ஒன்று. இன்று கடைகளில் நிற்கும் போத்தல்களில் பெரும்பாலானவை அதன் பேரப்பிள்ளைகள். பவேரியாவின் கோதுமைப் பியரில் வாழைப்பழமும் கராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, மதுவத்தின் வேலை அது. ஸ்டவுட் என்ற கறுப்புப் பியரில் அயர்லாந்துக்காரருடையதைவிட நம் நாட்டு லயன் ஸ்டவுட்டையே மேலே வைப்பேன். பியரைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற ஆங்கிலேயர் மைக்கல் ஜாக்சன் அதைப் புகழ்ந்திருக்கிறார் (பாடகர் வேறு, இவர் வேறு). ஆனால் மதுசாரம் எட்டு வீதத்துக்கு மேல். நம் வெயிலுக்கு ஆகாது. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹான்சன் ஒற்றை மதுவக் கலத்திலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். பெரிய சாதனைதான். ஆனால் அதன் பிறகு எந்த ஊரிலும் அதே மதுவத்தைப் போடலாம் என்றாகி, பியருக்கு ஊர் இல்லாமல் போயிற்று என்பது என் உறுதியான கருத்து.

காத்தான்குடியிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் எழுதும், மதுவைத் தொடாத வாசகர்களுக்கும் சேர்த்துத் தயிரைச் சொல்கிறேன். நேற்றைய தயிரை உறையாக இட்டு மண்சட்டியில் வைத்தால், சட்டி நீரை உறிஞ்சிக்கொள்ள, கரண்டி போட்டால் வெட்டுப்பட்டு நிற்கும் எருமைத் தயிர். ‘பழைய கூஸ்’ என்று போத்தலில் எழுதுவதற்கு எப்படிச் செய்திருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வைத்திருக்கிறது. நம் மாடுகளுக்கோ மேயத் தரை இல்லை. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலப் பண்ணையாளர்கள் 2023இல் வீதியோரத்தில் உட்கார்ந்தது அந்தத் தரைக்காகத்தான். பியரைப் பற்றிக் கேட்டால் மாட்டைப் பற்றி எழுதுகிறாரே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பால் இல்லாமல் எதைப் புளிக்கவைப்பது?

அண்ணன் அடுத்த முறை வரும்போது இன்னொரு கூஸ் கேளுங்கள். முதல் வாய் உங்களை முகம் சுளிக்கவைக்கும். உடனே வாய்க்காலைத் தேடாமல், சீனி போடாத ஒரு கரண்டி எருமைத் தயிரைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு வாய் குடியுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், அந்தப் ‘போ’ இல்லாமல்.